வாசற்படியிலிருந்து கணக்குப் போடுங்கள்

கேள்வி: சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான் என்கிறாள் மகள். பஸ்ஸில் ஒரு ராத்திரியே போய்விடுகிறது. விமானம் அவ்வளவு லாபமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அம்மா, அந்த ஒன்றரை மணி நேரம் வாகைக்குளம் விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் நடுவில் உள்ளது. உங்கள் வாசற்படி அந்தக் கணக்கில் சேரவில்லை! பாளையிலிருந்து தூத்துக்குடி சாலையில் சுமார் 30 கி.மீ. போனால்தான் விமான நிலையம். சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நிற்க வேண்டும். மகளுக்கென்று போட்ட ஊறுகாய், எண்ணெய் மிதக்கும் அந்த பாட்டிலைக் கைப்பையில் விடமாட்டார்கள். பெரிய பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். சென்னையில் இறங்கி, பெட்டிக்குக் காத்திருந்து, மகள் வீட்டு மணியை அடிக்கும்போது ஐந்து மணி நேரம் ஓடியிருக்கும்.

வானில் பறப்பது சுமார் 530 கி.மீ. சாலையோ மதுரை, திருச்சி, விழுப்புரம் என்று போய் 620 கி.மீ. ஆகிவிடும், பத்துப் பதினோரு மணி நேரம், அதுவும் முழங்காலை மடக்கிக்கொண்டு.

அவசரமென்றால் விமானம் ஏறுங்கள். மற்ற நாட்களுக்கு என் ஓட்டு ரயிலுக்குத்தான். 2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத், நெல்லையில் காலையில் ஏறினால் சுமார் 8 மணி நேரத்தில் எழும்பூரில் இறக்கிவிடுகிறது.