அமாவாசைப் பட்டியல்

எங்கள் பொழிச்சலூருக்குச் சனிக்கிழமைதோறும் வெளியூர்க் கூட்டம் வரும். இங்குள்ள அகத்தீஸ்வரர் கோயிலுக்கு வட திருநள்ளாறு என்று பெயர். சனீஸ்வரன் விட்டால் போதும் என்று எள் தீபம் ஏற்றிவிட்டுப் போவார்கள். அதே ஊரில், அதே சனியைப் பிடிப்பதற்காக எட்டு அங்குல டெலஸ்கோப் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன்.

சனி பிடிப்பது சுலபம். எந்த வெளிச்சத்திலும் தெரிவார். வம்பெல்லாம் அவருக்கு அப்பால் இருக்கும் நெபுலா, விண்மீன் கொத்து, கேலக்ஸி ஆகியவற்றோடுதான்.

1980-களில் இதற்கெல்லாம் திட்டம் எதுவும் இல்லை. கரண்ட் போகும், பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்கு ஏறுவோம். பாட்டி பக்கத்தில் யார் படுப்பது என்பது ஒன்றுதான் திட்டம். "டேய், அதோ கார்த்திகை. ஆறு எண்ணு பாப்போம். ஆறு தெரியலேன்னா கண்ணுல கோளாறு" என்பாள். எண்ணுவோம், ஆறும் இருக்கும். அப்புறம் திருவாதிரை. சித்திரை, வைகாசியில் பின்னிரவில் விழித்தால் தெற்கிலிருந்து மேலே பால்வீதி புகை மாதிரி கிடக்கும். நாங்கள் அதைப் பார்த்தபடியே, "எப்பத்தான் கரண்ட் வருமோ" என்று புலம்புவோம். வந்ததும் "ஹே" என்று ஒரு கத்தல். வெள்ளிக்கிழமையானால், மொத்த அண்டத்தையும் பாயோடு விட்டுவிட்டு 'ஒலியும் ஒளியும்' பார்க்க ஓடுவோம்.

இப்போது என்னிடம் எக்செல் இருக்கிறது. அதில் மெசியேயின் 110 வரிசைகள். சார்ல் மெசியே பிரெஞ்சுக்காரர், வால்மீன் வேட்டைக்காரர். 1758-ல் ரிஷப ராசியில் ஒரு மங்கலான திட்டைக் கண்டார். அது நகரவில்லை, வால்மீனும் இல்லை. இப்படி ஏமாற்றுகிறவற்றையெல்லாம் குறித்துவைக்கத் தொடங்கினார். 1781-ல் அச்சானபோது 103. பின்னால் வந்தவர்கள் 110 ஆக்கினார்கள். இவற்றில் நேரத்தை வீணாக்காதே என்று அவர் போட்ட பட்டியலுக்காகத்தான் நான் தூக்கத்தை வீணாக்குகிறேன்.

திட்டமிடுவது என்றால் சேர்ப்பது என்று நினைத்திருந்தேன். பொழிச்சலூரில் அது அடிப்பது. முதலில் பஞ்சாங்கம்: அமாவாசையை ஒட்டிய பத்து இரவுகள் போக மற்றதை நிலா அடித்துவிடும். ஆடி, ஆவணியை மேகம் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையை மழை. அடுத்தது திசை. கிழக்கே விமான நிலையம், தெற்கே பம்மல், பல்லாவரத்து வெளிச்சம். லண்டன்காரனுக்கு ஆயுளுக்கும் உதிக்காத ஒமேகா செண்டாரி விண்மீன் கொத்து, 13 டிகிரி அட்சரேகையில் இருக்கும் நமக்குத் தெற்கே 30 டிகிரி உயரம் வரை வரும். வந்து நேராகப் பம்மல் வெளிச்சத்தில் நிற்கும்.

கடைசியில் ரகம் பார்க்க வேண்டும். எம் 33 கேலக்ஸியின் ஒளி அளவு புத்தகத்தில் 5.7, பிரமாதம். ஆனால் அந்த ஒளி நிலாவைவிடப் பெரிய பரப்பில் ஒரு சொட்டு நெய்யைத் தோசைக்கல் முழுக்கத் தேய்த்ததுபோல் பரவிக் கிடக்கிறது. தெருவிளக்கு எல்.இ.டி. ஆன பிறகு அதைத் தேடுவது வீண். கொத்துகள் பரவாயில்லை, புள்ளி புள்ளியாக இருப்பதால் தாக்குப்பிடிக்கும். இப்படி அடித்து அடித்து, மாசி அமாவாசைக்குத் தேறியவை ஒன்பது. ஓரியன் நெபுலா தலைவர்.

இருட்டுக்குப் பழகிய கண் கெடாதிருக்க சிவப்பு டார்ச் வைத்துக்கொள்வது வழக்கம். பக்கத்து மாடிக்காரர் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், தப்பா நினைக்காதீங்க. அமாவாசை, நடுராத்திரி, சிவப்பு வெளிச்சம்... ஏதாவது பூஜையா?" ஓரியனைக் காட்டினேன். பார்த்தார். "இருட்டுல கஷ்டப்படுறீங்களே" என்று இரக்கப்பட்டு, அவர் மாடி ஃபோகஸ் லைட்டை எனக்காகப் போட்டுவிட்டுப் போனார்.

உண்மையான இருட்டு ஒருமுறை வந்தது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். புறநகர் முழுக்க நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மறுநாள் இரவு பட்டியலும் கையுமாக மாடிக்கு ஓடினேன். புயல் வந்தது கார்த்திகை தீபத்தன்று. ஆகவே மேலே முழுநிலா. தேய்பிறை இருட்டு வருவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. தெருவே "ஹே" என்று கத்தியது. பழக்கதோஷம், நானும் கத்தினேன்.

பாட்டியின் கார்த்திகையும் மெசியே பட்டியலில் உண்டு, எண் 45. வால்மீன் என்று யாருமே ஏமாற மாட்டாத அதை ஏன் சேர்த்தார் என்பது புதிர். என் எட்டு அங்குலத்தில் அது முழுசாக அடங்காது, அகலம் அதிகம். ஆகவே போன மாசி அமாவாசையன்று வெறுங்கண்ணால் எண்ணினேன். நாலு. திரும்ப எண்ணினேன். நாலுதான்.

மறுநாள் கண் டாக்டரிடம் போனேன். தூரப் பார்வையில் ஒரு கோளாறும் இல்லை என்றார்.