எங்க லிமிட் இல்லம்மா

காவல் நிலையத்தில் புழங்கும் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'லிமிட்'. ரைட்டர் தலை நிமிராமலே கேட்பார்: "எந்த இடம்? பாலத்துக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?" அந்தப் பக்கம் என்றால், "அது எங்க லிமிட் இல்லம்மா." நடுப்பாலம் என்றால் அய்யனார்தான் இறங்கிவந்து எல்லைக்கல் நட வேண்டும்.

பெஞ்சில் இருப்பவள் மடியில் ஒரு காகிதப் பை. உள்ளே நேற்று உடுத்தியிருந்த துணி. "முதல்ல தலைக்கு ஊத்திட்டு வா" என்ற சித்தி பேச்சைக் கேட்காமல், துணியை அலசாமல், பிளாஸ்டிக் பையில் போட்டால் தடயம் கெட்டுவிடும் என்று காகிதத்தில் சுற்றி எடுத்து வந்திருக்கிறாள். அவள் பங்குக்கு எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறாள். இடம்தான் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை.

எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் வழக்குப் பதியலாம், பாலியல் குற்றப் புகாரைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-ஆம் பிரிவு. பதிய மறுத்தால் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 199-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குக் குறையாத கடுங்காவல். (அப்படி உள்ளே போன ரைட்டரை யாராவது காட்டினால் மாலையோடு போய்ப் பார்க்கத் தயார்.)

சரி, ஆஸ்பத்திரிக்குப் போனால்? "போலீஸ் மெமோ இருக்கா?" மெமோவும் வேண்டாம், எஃப்.ஐ.ஆரும் வேண்டாம்; அரசு, தனியார் எதுவானாலும் உடனே, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் ஓராண்டு வரை சிறை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். கிருமி படிக்காதது, பாலத்துக்கு எந்தப் பக்கம் என்று விசாரித்துவிட்டு உள்ளே நுழையத் தெரியாது.

லிமிட்டே இல்லாத சங்கதிகளும் உண்டு. "அந்த நேரத்துல அங்க உனக்கு என்ன வேலை?" என்ற கேள்வி ஒன்று. இரண்டு விரல் பரிசோதனை இன்னொன்று: கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது, விரல்களுக்குக் காது கேட்காததால் 2022-இல் மறுபடியும் சொன்னது.

எல்லாவற்றையும்விட எல்லையற்றது அவளுடைய பெயர். 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவளின் பெயரைக் காவல் அதிகாரியே நிருபர்கள் முன்னால் சொன்னார். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்.ஐ.ஆர். ஊர்முழுக்கக் கைபேசிகளில் சுற்றியது. பழைய சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மாறியதில் தொழில்நுட்பக் கோளாறாம். கோளாறுக்குத்தான் என்ன குறி! நீதிமன்றம் அந்த எஃப்.ஐ.ஆரின் வாசகங்களையும் சேர்த்துக் கண்டித்தது. பெயர் கசிந்ததற்கு இரண்டு வழக்கிலும் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட இழப்பீடு தலா 25 லட்சம். ஐந்து வருடத்தில் தக்காளி, தங்கம், பால் எல்லாம் ஏறின. நம் மாநிலத்தில் விலை ஏறாத ஒரே சரக்கு ஒரு பெண்ணின் ரகசியம்.

பெஞ்சுக்காரி இன்னும் எழுந்திருக்கவில்லை. ஐயா ரவுண்ட்ஸிலிருந்து வரட்டும் என்று ரைட்டர் டீ ஆற்றுகிறார். மூன்று மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்த பெண் போலீஸ் ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் குனிகிறார். குரலில் நிஜமாகவே இரக்கம்.

"181-க்குப் போன் போடும்மா. ஆள் அனுப்புவாங்க, கூடவே வருவாங்க. ஆனா ரோட்டுக்குப் போய்ப் பேசு. இங்க உட்கார்ந்து பேசினா எங்க லிமிட்ல வந்துரும்."