கைகளுக்குப் பாராட்டு விழா

அன்று முகக்கவசத்தைத் தாடைக்குக் கவசமாக மாட்டிக்கொண்டிருந்த பெருமக்களே! கொரோனாக் காலம் முழுக்க எல்லோரும் மூக்கையும் வாயையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். கைகளின் சேவையை யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் இந்த விழா.

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5 மணி. மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி சொல்ல அவரவர் வாசலில் நின்று கைதட்டச் சொன்னார் பிரதமர். வெறுங்கையால் தட்டினால் நன்றி போதாதென்று தட்டு, கரண்டி, மணி, சங்கு எல்லாம் எடுத்தோம். நாட்டின் பல ஊர்களில் ஊர்வலமே கிளம்பிற்று. கூட்டம் கூடக் கூடாது என்பதற்காக வந்த ஊரடங்கைக் கூட்டம் கூடிக் கொண்டாடிய சாமர்த்தியம் யாருக்கு வரும்? ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு விளக்கேற்றச் சொன்னார்கள், பட்டாசும் வெடித்தோம்.

கைதட்டி நான்கே வாரம். ஏப்ரல் 19, அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். சென்னையின் நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவுக்குப் பலியானார். வயது 55. உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள், கூட்டம் மறித்தது. வேலங்காடு இடுகாட்டுக்குத் திருப்பினார்கள், அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது, உடன் வந்தவர்கள் ரத்தம் சொட்ட ஓடினார்கள். அவர் மண்ணுக்குள் போவதைப் பார்க்க மனைவிக்கும் மகனுக்கும் கொடுத்துவைக்கவில்லை. நள்ளிரவில் சக மருத்துவர் ஒருவர் தானே ஆம்புலன்ஸை ஓட்டிவந்து, மருத்துவமனை ஊழியர்களோடு சேர்ந்து மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்.

குழிக்குள் போன உடல் இருமாது, தும்மாது. கல்லெறியத் திரண்டவர்கள் தங்களுக்குள் எவ்வளவு இடைவெளி விட்டு நின்றார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உயிரோடு இருப்பவர்களை ஆறடி தள்ளி நிற்கச் சொன்னது அரசு. செத்தவருக்கு ஆறடி கிடையாது என்றோம் நாம்.

ஒரு வாரத்தில், ஏப்ரல் 26 அன்று, அவசரச் சட்டம் வந்தது. தொற்றால் இறந்தவரைப் புதைப்பதையோ எரிப்பதையோ தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை! செத்தவரைப் புதைக்க விடுங்கள் என்று சொல்லவும் ஒரு சட்டம் தேவைப்படுகிற நாகரிகம் நம்முடையது. இதைவிடப் பெரிய பாராட்டுப் பத்திரத்தை நமக்கு யார் எழுதித் தர முடியும்?

நாமும் கட்டுப்பாடு தெரியாதவர்கள் அல்ல. மே 7 அன்று, சென்னை நீங்கலாக, டாஸ்மாக் மதுக்கடைகள் திறந்தன. வெயிலில் கால் கடுக்க நின்றோம். கல்லறையில் பிணத்தைக் கண்டு நடுங்கிய சமூகம் இங்கே ஒருவர் முதுகில் ஒருவர் மூச்சுவிட்டது. ஒரே நாளில் 170 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை. அரசுக்கும் மனம் குளிர்ந்தது. பிணத்துக்குக் கொடுக்க முடியாத பாதுகாப்பைப் பாட்டிலுக்குக் கொடுத்தது.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் இரண்டாம் அலை. தேர்தல் மேடைகளுக்கு முன்னால் நெருக்கியடித்துக் கைதட்டி, விரலில் வைத்த மை அழிவதற்குள் மூச்சுத் திணறியது ஊர். ரெம்டெசிவிர் மருந்துக்காக இரவு பகலாக வரிசை. எங்கே தெரியுமா? அதே கீழ்ப்பாக்கத்தில், அரசு மருத்துவக் கல்லூரி வாசலில். முந்தைய ஆண்டு ஒரு மருத்துவரின் உடலை உள்ளே விடாத வட்டாரத்தில், மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு ஊரே கும்பிட்டு நின்றது.

தட்டியதும் எறிந்ததும் கும்பிட்டதும் வேறு வேறு ஆட்களின் கைகள் என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். எறிந்தவர்களைக் கைது செய்தார்கள். மாடியில் நின்று வேடிக்கை பார்த்து, “அவங்க பயமும் நியாயம்தானே” என்று வாட்ஸ்அப்பில் தட்டிய விரல்களை எந்தச் சட்டமும் தொடவில்லை.

அடுத்த தொற்று வரும். அன்றைக்கும் தட்டைத் தேடுவீர்கள். வேண்டாம், வைத்துவிடுங்கள். செத்தால் புதைக்க விடுங்கள் என்பதைத் தவிர மருத்துவர்கள் உங்களிடம் வேறெதுவும் கேட்கவில்லை. அதற்கு உங்கள் கை எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும்.