வெந்தய டப்பாவில் என்ன இருக்கிறது?

(இந்த இதழில் அம்மா, அப்பாக்களின் சாப்பாட்டுக் கேள்விகள். வீட்டிலும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள், பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.)

கே: ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் அரைக் கிலோ பால்கோவா வாங்குவேன். பிள்ளைகளுக்குக் கால் கிலோவைக் காட்டிவிட்டு மீதியை ஒளித்துவைத்து நானே தின்கிறேன். பாவமா?
– ஓர் அம்மா, ராஜபாளையம்

ப: பக்கத்து ஊரில் இருந்துகொண்டு அரைக் கிலோதான் வாங்குகிறீர்களே, அது வேண்டுமானால் பாவம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் இல்லாமல் கிண்டிக் கிண்டிச் சுண்டவைப்பது. நாள்பட வைத்தால் கெட்டுப்போகும். ஆகவே ஒளித்ததைச் சீக்கிரம் காலி செய்வது சிக்கனத்தில் சேரும்.

பலர் கோட்டைவிடுவது ஒளிக்கும் இடத்தில்தான். முந்திரி டப்பா, பூஸ்ட் டப்பா எல்லாம் பிள்ளைகள் தினமும் சோதனை போடும் இடங்கள். வெந்தயம், கொள்ளு, ஓமம் இந்த மூன்று டப்பாக்களையும் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட யாரும் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் என்றால் (அதற்கும் 2020-ல் குறியீடு வந்துவிட்டது) வெந்தய டப்பா போதும், வாரக்கணக்கில் தாங்கும். பால்கோவாவுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டும். வழக்கமாகப் பாகற்காய்ப் பொரியல் வைக்கும் பாத்திரத்தில் போட்டு மூடிவிடுங்கள்.

கே: வீட்டில் எல்லோரும் எழுவதற்கு முன் குடிக்கிற முதல் காபி மட்டும் ஏன் அவ்வளவு ருசி?
– கும்பகோணம்

ப: அதுவரை யாரும் உங்களிடம் "என் சாக்ஸ் எங்கே?" என்று கேட்கவில்லை. இரண்டாவது காபியும் அதே டிகாக்‌ஷன்தான், ஆனால் அதற்குள் சாக்ஸ் தேடப் போய்விடுகிறீர்கள், காபி ஆறிவிடுகிறது. அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் தூள் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கச் சட்டத்தில் இடம் உண்டு. எவ்வளவு என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கவேண்டும்.

கே: வெண்ணெய் உருக்கிய சட்டியில் சோறு போட்டுப் பிசைந்து தின்பது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். என் மகளோ "உவ்வே, அடிப்பிடிச்ச சட்டி" என்கிறாள். அவளை எப்படித் திருத்துவது?
– திருவையாறு

ப: திருத்தவே வேண்டாம். இந்த வீட்டில் போட்டிக்கு ஆள் இல்லாமல் உங்களுக்கென்று மிஞ்சியிருக்கும் ஒரே பண்டம் அதுவாக இருக்கலாம்.

அந்தச் சட்டியின் அருமை தெரியாதவர்களுக்காக: வெண்ணெய் உருகி, நுரைத்துப் பொங்கி, சடசடப்பு அடங்கும் நேரத்தில் ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போடுவார்கள். கீரை மொறுமொறுத்ததும் இறக்கி, தெளிந்த நெய்யை வடித்தால், அடியில் செம்பழுப்பாய், மணல் மணலாய்க் கசண்டு நிற்கும். வெண்ணெயில் ஒட்டியிருந்த மோரின் புரதமும் பால் சர்க்கரையும் சூட்டில் சிவந்தது அது. நெய்க்கு மணம் வருவதும் அந்தச் சிவப்பினால்தான். சட்டி ஆறுவதற்குள் இரண்டு கைச் சூடான சோற்றைப் போட்டு, உப்புத் தூவி, பக்கமெல்லாம் வழித்துப் பிசையவேண்டும். கீரை நொறுங்கிச் சோற்றோடு சேரும். சிலர் சோற்றுக்குப் பதில் சர்க்கரை போட்டு வழிப்பார்கள். அதுவும் ஒரு கட்சி; நான் அந்தக் கட்சி இல்லை.

ஒரு நிமிடம் அசந்து கசண்டு கறுத்துவிட்டால் கசக்கும், பிறகு மகள் சொல்வதுதான் சரி. வடித்த நெய் குடும்பத்துக்கு, சட்டி உருக்கியவருக்கு என்பது நம் அடுக்களைகளில் எழுதாத சட்டம். மகளுக்கு ஓர் உருண்டை உள்ளங்கையில் வைத்துத்தான் ஆகவேண்டுமா, நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். பிடித்துப்போனால் அடுத்த முறை சட்டி உங்களுக்கு இல்லை.

கே: மகன் தட்டில் மிச்சம் வைப்பதை வீணாக்க மனசில்லாமல் நானே சாப்பிட்டு, எடை ஏறிவிட்டது. என்ன செய்யலாம்?
– சேலம்

ப: அவனுக்கு ஒன்றரை இட்லிதான் பசி என்றால் மூன்று வைத்தது யார்? ஒன்று வையுங்கள். கேட்டால் இன்னொன்று. அப்புறம், மிச்சம் வைப்பது இட்லியா, அப்பளமா? அப்பளம் என்றால் இந்தக் கேள்வியையே நான் நம்பவில்லை.

கே: ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் மட்டன் குழம்பு வைப்பேன். வாரம் ஆறு நாளும் சமைக்கிற மனைவியைவிட எனக்குத்தான் பாராட்டு அதிகம். சங்கடமாக இருக்கிறது.
– ஓர் அப்பா, கரூர்

ப: செவ்வாய்க்கிழமை ரசம் வைத்துப் பாருங்கள். ஒருத்தரும் பாராட்டமாட்டார்கள். சங்கடம் தீர்ந்துவிடும்.

கே: பெங்களூரு குளிரில் இட்லி மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது. அம்மா வீட்டு இட்லி நினைவாகவே இருக்கிறது.
– பெங்களூரு

ப: அம்மா வீடு எந்த ஊரோ, அங்கே அடுப்பங்கரையே முப்பது டிகிரியில் இருந்திருக்கும். மாவைப் பொங்கவைப்பது உளுந்தோடும் அரிசியோடும் வருகிற நுண்ணுயிர்கள். அவற்றில் லியூகோநாஸ்டாக் என்று ஒரு வகை விடுகிற வாயுதான் உளுந்தின் பசையில் சிக்கி மாவைத் தூக்குகிறது. குளிரில் அவை சோம்பிவிடும். உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறவையுங்கள். அரைத்த மாவைக் கையால் கரையுங்கள். பாத்திரத்தை மூடி, அணைத்த ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு வையுங்கள். ஓவன் இல்லாதவர்கள் ஒரு பெரிய அண்டாவில் வெந்நீர்ச் சொம்பையும் மாவுப் பாத்திரத்தையும் அக்கம்பக்கமாக வைத்து மூடலாம். நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அப்படியும் பொங்காவிட்டால் ஊத்தப்பம். பொங்கிவிட்டாலோ, முதல் ஈட்டில் துணியிலிருந்து எடுத்த இட்லி ஒன்றை மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெயில் புரட்டி அங்கேயே, நின்றபடியே சாப்பிட்டுவிடுங்கள். "வெந்திருக்கிறதா என்று பார்த்தேன்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

கே: சமைக்கவே பிடிக்காத நாளில்?
– விருதுநகர்

ப: எண்ணெயில் பொரித்த பரோட்டாவைச் சொந்த ஊரில் வைத்துக்கொண்டு இதை என்னிடம் கேட்பானேன்? சால்னா நிறைய வாங்குங்கள்.

கே: தீபாவளிக்கு நான் சுடும் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகிறது. கடையில் வாங்கி, நம் வீட்டுத் தூக்குவாளிக்கு மாற்றி, நான் சுட்டதாகச் சொல்லிவிடுகிறேன். மாமியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.
– திருவண்ணாமலை

ப: வராமல்? கடை அதிரசம் எல்லாம் ஒரே அச்சாக வட்டமாக இருக்கும். இரண்டு மூன்றையாவது ஓரத்தில் பிய்த்து வைத்திருக்கவேண்டாமா?

சரி, சுடும் வழியையும் பார்ப்போம். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணிமேல் பரப்பவேண்டும். தொட்டால் கையில் ஈரம் தெரியும்போதே அரைத்துச் சலிக்கவேண்டும். பாக்கெட்டில் வருகிற காய்ந்த மாவு இதற்கு உதவாது. அடுத்தது வெல்லப் பாகு. உங்கள் அதிரசம் பிரிவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விடுங்கள். கரைந்து ஓடினால் இளம்பாகு, அதில் பிசைந்த மாவு எண்ணெயில் பிரியும். அடியில் திரண்டு நின்று, விரலால் உருட்டினால் மெத்தென்று உருள்கிறதா, அந்த நொடியில் அடுப்பை அணைத்துவிடவேண்டும். கொஞ்சம் விட்டால் உருண்டை கெட்டிப்படும். தட்டில் போடும்போது 'டங்' என்று சத்தம் கேட்டால் அதிரசமும் அதே சத்தம்தான் போடும். சூடான பாகில் மாவைத் தூவிக் கிளறி, ஏலமும் சுக்கும் போட்டு, மேலே நெய் தடவி, ஒரு நாளாவது மூடி வைத்திருங்கள். சுடும்போது தீ மிதமாக இருக்கட்டும். எடுத்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவே அழுத்தினால் எண்ணெய் வடிந்துவிடும்.

முதலில் ஒன்றே ஒன்று தட்டிப் போட்டுப் பாருங்கள். பிரிந்தால் இன்னும் கொஞ்சம் அரிசிமாவு சேர்த்துப் பிசையலாம். 'பதம் பார்க்க' என்று சுடுவதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அதிரசம் சுடுகிறவருக்கு உள்ள ஒரே சம்பளம் அது.

கே: மழை பெய்தால் பஜ்ஜி, பஜ்ஜி சுட்டால் மிச்ச எண்ணெய். எத்தனை முறை சுடலாம்?
– நாகர்கோவில்

ப: மழை அங்கே இரண்டு பருவத்திலும் பெய்யும் என்பதால் நியாயமான கவலை. கடைகளுக்கு விதி இருக்கிறது: காய்ச்சிக் காய்ச்சி எண்ணெயில் சேரும் கெடுபொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைத் தொடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் வைத்திருக்கிறது. வீட்டில் அளக்கும் கருவி இல்லை, கண்ணும் மூக்கும்தான். சின்ன வாணலியில் அளவாக ஊற்றுங்கள். மிஞ்சினதை வடிகட்டி இரண்டொரு நாளில் தாளிக்க முடித்துவிடுங்கள். கறுத்தாலோ, நுரைத்தாலோ, பிசுபிசுத்தாலோ கொட்டிவிடுங்கள். பஜ்ஜியைக் குறைக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

கே: அம்மாவிடம் போனில் செய்முறை கேட்டால் "கண்ணளவுதான்டி" என்கிறார். கண்ணை எப்படி அளப்பது?
– வேளச்சேரி

ப: உங்களைப் போன்ற பெண்களின் தொந்தரவு தாங்காமல்தான் மீனாட்சி அம்மாள் அளவோடு எழுதி, 1951-ல் 'சமைத்துப் பார்' புத்தகத்தைக் கொண்டுவந்தார். கல்யாணச் சீரில் வைத்துக் கொடுக்கிற அளவுக்கு அது நிலைத்தது. ஆனாலும் உங்கள் அம்மா வீட்டுப் புளிக்குழம்பு அதில் இருக்காது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு சமையலறைத் தராசு கொண்டுபோங்கள். அம்மா போடப்போவதை அவர் கையிலிருந்து வாங்கி எடை போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். திட்டுவார். திட்டையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பதத்தில் எதைப் போடவேண்டும் என்பது பெரும்பாலும் அந்தத் திட்டில்தான் இருக்கும்.

கே: எனக்குக் கருவாட்டுக் குழம்பென்றால் உயிர். கணவரும் பிள்ளைகளும் மூக்கைப் பொத்துகிறார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து வைக்கவே இல்லை. ஆசையை விட்டுவிடலாமா?
– நாகப்பட்டினத்தில் பிறந்து கோவையில் வாழும் அம்மா

ப: நாகப்பட்டினத்துக்காரர் கருவாட்டுக்கு அனுமதி கேட்டுப் பத்திரிகைக்கு எழுதுகிற காலமாகிவிட்டதா!

மகனுக்குத் தேங்காய்ச் சட்னி ஆகாது, மகளுக்குக் கத்திரிக்காய் ஆகாது, அவருக்கு ரசத்தில் தக்காளி மிதந்தால் ஆகாது. இந்தப் பட்டியல் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். உங்களுக்கு எது ஆகாது, எது ஆகும் என்று அந்த வீட்டில் யாராவது ஒரு வரி சொல்வார்களா? பல வீடுகளில் சமைக்கிறவரின் நாக்குக்கு உப்புப் பார்க்கிற வேலை மட்டும்தான். அதற்கும் ஆசை உண்டு என்பது அதன் சொந்தக்காரருக்கே மறந்துபோகிறது. உங்களுக்கு மறக்கவில்லை. அதுவரை சந்தோஷம்.

பள்ளிக்கூடமும் ஆபீசும் இருக்கிற ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். புதன்கிழமை நல்லது. எல்லோரையும் அனுப்பிவிட்டு ஜன்னலைத் திறந்துவையுங்கள். நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் போட்டு, பிறகு அடியில் மணல் தங்காத வரைக்கும் தண்ணீர் மாற்றி மாற்றி அலசுங்கள். மொச்சை, கத்திரிக்காய், கிடைத்தால் புளிப்பு மாங்காய் இரண்டு துண்டு. புளிக்கரைசல் கொதித்துப் பச்சை வாசம் போன பிறகு, கடைசியில்தான் கருவாடு. இல்லாவிட்டால் உடைந்து கூழாகிவிடும். உப்பைக் கருவாடு வெந்தபின் ருசி பார்த்துப் போடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. (ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இதை மாதம் ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு அதைப் படித்ததில்லை.) நல்லெண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்போது இறக்கி மூடிவிடுங்கள். அன்றைக்கு ஒரு கை பாருங்கள். உண்மையான விருந்து மறுநாள் பழைய சோற்றோடு இருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர்கள் என்ன வாசனை என்று கேட்டால், "என் சாப்பாடு" என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து கேட்டால் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள்.

கே: பத்தாவது படிக்கும் மகனிடம், "அம்மாவுக்கு என்னடா பிடிக்கும்?" என்றேன். "கடைசியா பிஞ்சு வர்ற தோசை" என்றான். சிரிப்பதா, அழுவதா?
– ஈரோடு

ப: பையன் பத்து வருஷமாகக் கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கிறான், அவன்மேல் குற்றமில்லை. இன்று ராத்திரி முதல் தோசையை மொறுமொறுவென்று வார்த்து உங்கள் தட்டில் போட்டுக்கொண்டு, அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். இரண்டாவதை அவனை வார்க்கச் சொல்லுங்கள். வட்டத்தின் பரப்பளவுக்குச் சூத்திரம் படித்தவன்தானே, மாவைத் தேய்த்துப் பார்க்கட்டும்.

வாசகர்களுக்கு: அடுத்த இதழில் கேள்வி என்னுடையது. உங்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிடித்த பண்டம் எது, கடைசியாக அதை எப்போது சாப்பிட்டார்கள்? ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள். தெரியாதவர்கள் அவர்களிடமே கேட்டு எழுதலாம். "எதுன்னாலும் சாப்பிடுவாங்க" என்று வரும் கார்டுகள் பிரசுரிக்கப்படமாட்டா.