1,84,46,74,40,73,70,95,51,615 என்னும் எண்ணின் மிச்சமும் மேன்மையும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று 64 கட்டமும் இரட்டித்துக்கொண்டே போனால் சேரும் மொத்த அரிசியே மேற்படி எண். சதுரங்கத்தில் தோற்ற மன்னன் தரவேண்டிய இந்த அரிசிக் கடன் அம்பலப்புழைக் கோயிலில் இன்றும் பால் பாயசமாக அடைபட்டு வருகிறது என்பது ஐதீகம். 1883இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா வெளியிட்ட ஹனோய் கோபுரப் புதிரில் 64 வட்டுகளை இடம் மாற்றவும் இத்தனை நகர்த்தல்களே வேண்டும். நொடிக்கு ஒன்று வீதம் சுமார் 58,000 கோடி ஆண்டுகள் ஆகும். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்களை இந்தக் கால அளவு மலைக்க வைக்காது.

உருவம்: 20 இலக்கம். குணம்: ஒற்றைப்படை. நிறம்: மேலாய்வுக்குரியது.

பகாக் காரணிகள்: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. இவற்றுள் 641, 6700417 இரண்டும் நீங்கலாக மற்றவை பிரச்சினை செய்யாதவை. 641ஐயும் 6700417ஐயும் பெருக்கி வரும் 4294967297 பகா எண் என்றே கணிதர் பெர்மா நம்பியிருந்தார். 1732இல் ஆய்லர் அதை 641ஆல் வகுத்துக் காட்டிவிட்டார். பெர்மா அதற்குள் காலமாகிவிட்டதால் மறுப்புரை வரவில்லை. நம் பக்கமாக இருந்தால் சீடர்கள் எழுதியிருப்பார்கள்.

இனிப் பங்கீட்டியல். இந்த அரிசியைப் பாண்டவர் ஐவருக்குச் சமமாகப் பகிர்ந்தால் ஒன்றும் மிஞ்சாது. கௌரவர் நூற்றுவருக்குப் பகிர்ந்தால் 15 அரிசி மிஞ்சும். குருட்சேத்திரத்துக்குக் காரணம் ஊசிமுனை நிலம்தான் என்று இதுகாறும் எழுதிவந்தவர்கள் இந்த 15 அரிசியைக் கவனியாதது வருந்தத்தக்கது (ஒப்புநோக்குக: மேற்படியார், முன்சொன்ன நூல், பக்கம் கிழிந்திருக்கிறது). பதினெண் சித்தர்களுக்குப் பகிர்ந்தாலும் மிச்சம் 15. பதினாறு பேறுகளுக்கு? 15. நாயன்மார் அறுபத்து மூவருக்கு? மறுபடியும் 15. இதைப் 'பதினைந்து எச்சக் கோட்பாடு' என்று அழைக்கிறேன். வேறு யாரும் அழைப்பதற்கு முன்.

சொக்கநாதரின் 64 திருவிளையாடல்களுக்கும் பங்கு வைத்தால் மிச்சம் 63. நாயன்மாருக்கு ஆளுக்கொன்று! தற்செயல் என்று சொல்ல நா கூசுகிறது. வைணவத் தரப்பு சும்மா இருக்குமா? 108 திவ்ய தேசங்களுக்குப் பகிர்ந்தால் 51 மிஞ்சுகிறது, அச்சான மொய்த்தொகை. (விரிவுக்கு: இருபது வருடமாக அச்சில் இருப்பதாகச் சொல்லப்படும் மூன்றாம் தொகுதி, பின்னிணைப்பின் அடிக்குறிப்பு, அதனருகே பென்சிலால் எழுதி அழித்த வரி. அழித்தவர் நூலாசிரியரா, நூலகரா என்பதில் இரு பள்ளிகள் உண்டு, இரண்டும் பேசிக்கொள்வதில்லை.)

கணக்குத் தெரிந்த சிலர் இதிலும் குறுக்கிடுகிறார்கள். இன்னும் ஒரு அரிசி போட்டால் அது இரண்டின் 64ஆம் அடுக்கு, 16ஆலும் 64ஆலும் மீதியின்றி வகுபடும், ஒன்று குறைவதால்தான் 15ம் 63ம் வருகின்றன, மற்றவை சும்மா அமைந்தவை என்கிறார்கள். இவர்களுக்குப் பண்பாட்டுப் பயிற்சி போதாது.

சப்த ரிஷிகள் (மிச்சம் 1), பன்னிரு ஆழ்வார்கள் (மிச்சம் 3), 27 நட்சத்திரங்கள் (மிச்சம் 24) ஆகியோர் இடமின்மையால் இந்தக் கட்டுரையில் சேர்க்கப்படவில்லை. தன் தேற்றத்தின் நிரூபணத்துக்குப் புத்தக ஓரத்தில் இடம் போதவில்லை என்று பெர்மா எழுதி வைத்ததை உலகம் 350 ஆண்டுகளுக்கு மேல் பொறுத்துக்கொண்டது. நான் கேட்பது அடுத்த கருத்தரங்கு வரைதான்.