மீட்டர்காரர்

இன்கா பாதையில் நடக்கப் போகிறவர்களை, கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை குஸ்கோ நகரில் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, கைடு வரைபடத்தை விரிப்பார். கோக்கா இலைத் தேநீர் வரும். "யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" என்று அவர் கேட்டு வாய் மூடுவதற்குள் ஒரு கை உயரும். அந்தக் கைக்குச் சொந்தக்காரர்தான் மீட்டர்காரர். அவருக்கு உண்மையில் சந்தேகம் எதுவும் கிடையாது. "இரண்டாம் நாள் ஏறுகிற கணவாய் 4,215 மீட்டர்தானே?" என்பார். கைடு ஆமாம் என்றதும் அறையை ஒரு சுற்று பார்ப்பார். 4,215-ஐயும் அவரே அடுக்கி வைத்த மாதிரி ஒரு பார்வை.

அவர் எந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம். வயது நாற்பதுக்கு மேல், அறுபதுக்குள். முகத்தை வைத்து அடையாளம் காண முடியாது, மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு கடிகாரம் இருக்கும். உயரம், காற்றழுத்தம், திசை, இதயத் துடிப்பு, நேற்றிரவு எத்தனை நிமிடம் ஆழ்ந்து தூங்கினார் என்பது வரை அது சொல்லும். நேரமும் காட்டும் என்று கேள்வி.

பேச்சில் இன்னொரு அடையாளம் உண்டு. எந்தப் பேச்சும் நாலு வாக்கியத்துக்குள் கிளிமஞ்சாரோவுக்குப் போய்விடும். சூப் சூடாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னால், கிளிமஞ்சாரோவில் சூப் சீக்கிரம் ஆறிவிடும் என்பார். 5,895 மீட்டர் ஏறியவருக்கு 4,215 எல்லாம் ஒரு உயரமா என்று யாராவது கேட்கவேண்டும் என்பது அவர் ஆசை. யாரும் கேட்கமாட்டார்கள் என்பது தெரிந்து, "இது சின்னதுதான், ஆனாலும் மலையை மதிக்கணும்" என்று அவரே பதிலைச் சொல்லிவிடுவார்.

நடை தொடங்குவது 82-ஆம் கிலோமீட்டரில். மச்சு பிச்சுவுக்கு ரயில் போகும் தடத்தில் உள்ள ஒரு கல்லின் கணக்கு அது, ஊர்ப்பெயர்கூட இல்லை. பாஸ்போர்ட்டைக் காட்டி, பெயரைச் சரிபார்த்து, உருபாம்பா ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். அதற்கு முன்னால் தராசு இருக்கிறது. போர்ட்டர் ஒருவர் 20 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்பது சட்டம். ஒருகாலத்தில் நாற்பது ஐம்பது கிலோ தூக்க வைத்தார்கள். இப்போது ஒவ்வொரு மூட்டையும் எடை போட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். பயணிக்கு அதில் ஏழு கிலோ பங்கு, தூங்கும் பை உட்பட. மீட்டர்காரரின் பை இந்த இடத்தில் திறக்கப்படும். மூன்று டார்ச், இரண்டு பவர் பேங்க், ஒரு மருந்துக்கடை. குனிந்து எடுப்பதும் திணிப்பதுமாகக் கால்மணி நேரம் போகும். அதன்பிறகு தண்ணீரும் கேமராவும் மட்டும் இருக்கிற சின்னப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, "என் சுமையை நானே சுமப்பேன்" என்று பொதுவாக அறிவிப்பார்.

இந்தப் பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அதில் பயணிகள் ஏறத்தாழ 200 பேர். மீதி 300 பேர் கைடுகள், சமையல்காரர்கள், போர்ட்டர்கள். கைடு இல்லாமல் தனியாக உள்ளே நுழையவே முடியாது. ஒரு மனிதர் நடக்க ஒன்றரை மனிதர் வேலை செய்கிற ஏற்பாடு இது. இருந்தாலும் மீட்டர்காரர் பின்னாளில் இதைச் சொல்லும்போது, "நான் இன்கா பாதையை நடந்து முடித்தேன்" என்று ஒருமையில்தான் சொல்வார்.

முதல் நாள் நடை சுலபம். கைடுகள் அதற்கு 'இன்கா சமதளம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் ஏற்றம், கொஞ்சம் இறக்கம், மறுபடி கொஞ்சம் ஏற்றம், கூட்டிக் கழித்தால் சமம். மீட்டர்காரருக்கு இந்த நகைச்சுவை பிடிக்காது. கூட்டுவது சரி, ஏன் கழிக்க வேண்டும்? கீழே லியாக்தபதா தெரியும். ஆற்றின் வளைவுக்கு ஏற்ப வளைந்து இறங்கும் கற்படி வயல்கள். இங்கே மக்காச்சோளம் விளைந்தது, இந்த மலைச்சரிவை வயலாக்கியது இப்படித்தான் என்று கைடு சொல்லிக்கொண்டிருக்கும்போது, பலகையில் போட்டிருக்கும் உயரம் தன் கடிகாரத்தோடு பன்னிரண்டு மீட்டர் ஒத்துப்போகவில்லை என்று இவர் புகார் கொடுப்பார்.

அந்தக் கடிகாரம் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்கிற ஜாதி. இரவு மேகம் கூடி அழுத்தம் இறங்கினால், அது மேலே ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். அதனால் வய்யபாம்பா முகாமில் கூடாரத்துக்குள் குறட்டை விட்டபடியே மீட்டர்காரர் இருபது மீட்டர் ஏறியிருப்பார். காலையில் அதை அவர் திருத்திவைப்பது கிடையாது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை எடுப்பார். கல்யாண வீட்டில் பந்தி பந்தியாகப் போய் "சாப்பிட்டாச்சா?" என்று விசாரிக்கும் பெரியப்பாவைப்போல ஒவ்வொருவர் விரலையும் கேட்டு வாங்கிப் பார்ப்பார். 88 என்றால் தோளில் ஒரு தட்டு. 82 என்றால் குரலைத் தாழ்த்தி, "ராத்திரி தனியாகப் படுக்கவேண்டாம்" என்பார். அதுவரை நன்றாக இருந்தவருக்கு அப்போதுதான் மூச்சு முட்டும். சமையல்காரரின் விரலில் அதை மாட்டிப் பார்க்கும் துணிவு மட்டும் அவருக்கு வந்ததில்லை.

இரண்டாம் நாள்தான் அவருடைய திருநாள். வய்யபாம்பா சுமார் 3,000 மீட்டர். அங்கிருந்து வார்மிவான்யுஸ்கா கணவாய்க்கு ஒரே மூச்சில் 1,200 மீட்டர் ஏற்றம், அந்த மூச்சுக்குத்தான் அங்கே பஞ்சம். மேலே போய்ச் சேரும்போது கடல் மட்டத்தில் கிடைக்கிற ஆக்சிஜனில் அறுபது சதவீதம்தான் நுரையீரலுக்குக் கிடைக்கும். கைடு எல்லார் கன்னத்திலும் கோக்கா இலையை அடக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் வருவார். மீட்டர்காரர் முன்னால் நின்று பாடம் எடுப்பார்: "சின்ன அடி. மூக்கால் இழு, வாயால் விடு. உட்காராதே."

இந்த மாதிரிக் கதைகளில் இப்படிப்பட்டவர் பாதி ஏற்றத்தில் மயங்கி விழ வேண்டும். விழ மாட்டார். அதுதான் கொடுமை. 'சொரோச்சே' என்று அங்கே சொல்கிற மலைநோய்க்கு ஆளைப் பார்த்துப் பிடிக்கத் தெரியாது. தினமும் ஜிம்முக்குப் போகிற இருபத்தைந்து வயதுப் பையன் பாறை ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருப்பான். நம்முடையவர் அவன் முதுகைத் தடவி, உப்புச்சர்க்கரைக் கரைசல் கலக்கிக் கொடுத்து, டயமாக்ஸ் போட்டால் விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும், பயப்படாதே என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த அரைமணி நேரம் அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. பிறகு, "கிளிமஞ்சாரோவில் இதைவிட மோசமாக ஒருத்தன்..." என்று ஆரம்பிப்பார், மனம் வந்துவிடும்.

இதற்கிடையில் பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும்: "போர்ட்டர்ஸ்!" எல்லாரும் மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். டயர் ரப்பரில் செய்த செருப்போடு ஒருவர் ஓட்டமும் நடையுமாகப் போவார், முதுகில் எரிவாயு சிலிண்டர். அடுத்தவர் முதுகில் சாப்பாட்டுக் கூடாரம். அதற்கடுத்தவர் நாற்காலிகள். காலையில் நாம் கிளம்பும்போது இவர்கள் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள். நாம் போய்ச் சேரும்போது கூடாரம் நின்றிருக்கும், வெந்நீர்க் கிண்ணம் வாசலில் இருக்கும், பாப்கார்ன் பொரிந்திருக்கும், வரிசையில் நின்று நமக்குக் கைதட்டுவார்கள். முதலில் வந்து சேர்ந்தவர் என்ற பெருமையோடு மீட்டர்காரர் அந்தக் கைதட்டலை வாங்கிக்கொள்வார். கைதட்டுகிறவர்கள் எப்போது வந்தார்கள் என்ற யோசனை அவருக்கு எழுந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் கெச்சுவா மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது என்பது என் ஊகம். கேட்டால் கைடு வானத்தைப் பார்ப்பார்.

கணவாயின் உச்சியில் கைடு மூன்று கோக்கா இலைகளை விரல்களுக்கிடையே விசிறியாகப் பிடித்து, மலைகளைப் பார்த்து மெல்ல ஊதுவார். மலைகள் அங்கே 'அப்பு', தெய்வங்கள். சல்கந்தாயின் பெயரைச் சொல்லி அவர் வேண்டிக்கொள்வார். எல்லாரும் தொப்பியைக் கழற்றி அமைதியாக நிற்கும்போது ஒரு குரல்: "சல்கந்தாய் எத்தனை மீட்டர்?" கைடு கண்ணைத் திறக்காமலே, "6,271, அமிகோ" என்பார். வருஷக்கணக்காக இந்த வேண்டுதலின் பகுதியாகவே அந்தக் கேள்வியும் ஆகிவிட்டது போலிருக்கிறது.

அவருடைய துயரம் இதற்கப்புறம்தான். கணவாய்க்கு மறுபக்கம் பெரும்பாலும் இறக்கம். பக்காய்மாயோ முகாமுக்குள் அறுநூறு மீட்டர் போய்விடும். மூன்றாம் நாள் இன்னொரு கணவாய், 4,000-ஐத் தொடாத உயரம், அதில் அவருக்கு மரியாதை கிடையாது. அப்புறம் ஆயிரக்கணக்கான கற்படிகள் கீழே, கீழே, முழங்கால் கழன்றுவிடும்போல. பாதை அழகாவது இங்கேதான். சயக்மார்கா என்ற இன்கா இடிபாடு பாறை நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபுயுபட்டமார்காவில் இன்கா ஆட்கள் வெட்டிய வாய்க்கால் வழியாகத் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் இறங்குகிறது. மேகக்காட்டில் ஆர்க்கிட் பூக்கள். குடைந்த பாறைக்குள் படிக்கட்டோடு ஒரு சுரங்கம். மீட்டர்காரர் இதிலெல்லாம் தலையைக் குனிந்து மணிக்கட்டைப் பார்த்தபடி போவார். எண் குறைந்துகொண்டே இருக்கிறது. மச்சு பிச்சு 2,430 மீட்டர். குஸ்கோ 3,400. கிளம்பிய நகரத்தைவிட, போய்ச் சேர்கிற இடம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் தாழ்வு! 15-ஆம் நூற்றாண்டில் பச்சகூட்டி மன்னர் எந்த நினைப்பில் இங்கே கட்டினாரோ, மீட்டர்காரரைக் கலந்து கட்டவில்லை. வீடு திரும்பியபின் அவர் வாயிலிருந்து வரும் எண் 4,215 மட்டும்தான். 2,430-ஐ அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்றாம் இரவு, ஓவன் இல்லாத அந்தக் காட்டில் சமையல்காரர் எப்படியோ ஒரு கேக் செய்து எடுத்துவருவார். அதைச் சாப்பிட்டபடி மீட்டர்காரர் ஹைரம் பிங்காமின் கதையைத் தொடங்குவார்: "1911-இல் மச்சு பிச்சுவைக் கண்டுபிடித்தவர்..." கைடு இருமுவார். பிறகு கைடு சொல்கிற கதைதான் எனக்குப் பிடித்தது. அந்த ஜூலை 24 காலையில் தூறல். யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பிங்காமோடு மேலே ஏற அவருடைய கூட்டாளிகள் தயாராக இல்லை. ஒருவருக்கு ஆற்றோரம் பட்டாம்பூச்சி நிறைய இருந்தது, இன்னொருவருக்குத் துணி துவைக்க வேண்டியிருந்தது. மெல்சோர் அர்த்தியாகா என்ற உள்ளூர்க்காரர் ஒரு சோல் கூலிக்கு வழிகாட்ட ஒத்துக்கொண்டார். ஆற்றின் மேல் கட்டியிருந்த மரத்துண்டுப் பாலத்தில் அர்த்தியாகா வெறுங்காலோடு நடந்துபோனார், பிங்காம் தவழ்ந்துபோனார். மேலே இன்கா படிவயல்களில் விவசாயக் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. களைத்து வந்தவருக்குக் குளிர்ந்த தண்ணீரும் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கும் கொடுத்தார்கள். அர்த்தியாகா அங்கேயே உட்கார்ந்து ஊர்க்கதை பேசத் தொடங்கிவிட்டார், ஏற்கெனவே பார்த்த இடம்தானே. மிச்ச தூரத்துக்கு ஒரு சின்னப் பையனைத் துணைக்கு அனுப்பினார்கள். உலகம் புகழும் கண்டுபிடிப்பைப் பிங்காம் அந்தப் பையன் பின்னால் போய்ச் செய்தார். உள்ளே சுவரில் லிசாராகா என்று ஒருவர் 1902-ஆம் ஆண்டைப் போட்டு ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார்.

மீட்டர்காரர் கேக்கை மென்று விழுங்கிவிட்டு, "இருந்தாலும் முதன்முதலாக அளந்தது அவர்தானே" என்பார். குலமுதல்வரை விட்டுக்கொடுப்பாரா?

நாலாம் நாள் விடிகாலை மூன்றரைக்கு எழுப்புவார்கள். போர்ட்டர்கள் எல்லாவற்றையும் மடித்துக் கட்டிக்கொண்டு கீழே போய் ரயிலைப் பிடிக்க வேண்டும், அதற்காக. சோதனைச்சாவடி திறப்பது ஐந்தரைக்கு. மீட்டர்காரர் வரிசையில் முதல் ஆள், இருட்டில், நெற்றியில் விளக்கோடு. கதவு திறந்ததும் பறப்பார். கடைசியில் கையை ஊன்றி ஏறவேண்டிய செங்குத்துப் படிகள், அப்புறம் இன்டி புங்கு, சூரிய வாசல். அங்கிருந்து மச்சு பிச்சு முழுதாகத் தெரியும் என்று எல்லாப் படங்களும் சத்தியம் செய்கின்றன. பாதி நாட்களில் தெரிவது வெள்ளை மேகம். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்.

கீழே இறங்கினால் மச்சு பிச்சுவில் கூட்டம். ரயிலில் வந்து, பேருந்தில் ஏறி, குளித்துத் தலைசீவி வாசனையோடு நிற்கிறவர்கள். நாலு நாள் குளிக்காத மீட்டர்காரர் அவர்கள் நடுவே கம்பை ஊன்றி மெதுவாக நடப்பார், யாராவது "நடந்தா வந்தீர்கள்?" என்று கேட்க ஏதுவாக. ஒரு பாட்டி அவரை நிறுத்துவார். செல்பேசியை நீட்டி, பின்னால் லாமாவும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துத் தரச் சொல்வார். பேருந்து ஏறிவந்த கொண்டை ஊசிச் சாலையைப் பற்றி மீட்டர்காரர் கடுமையாக ஒரு வார்த்தை சொல்வார். அந்தச் சாலைக்குப் பிங்காமின் பெயர், 1948-இல் திறப்புவிழாவுக்கு அவரே வந்திருந்தார் என்று கைடு நினைவூட்டுவார்.

மத்தியானம் அடிவாரத்து ஊரான அக்வாஸ் கலியென்டஸில் சாப்பாடு. மேசையில் எல்லாரும் பூட்ஸைக் கழற்றிக் காலை நீட்டியிருக்க, மீட்டர்காரர் மட்டும் கைடு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போடுவார். ரயிலே போகாத இன்கா ஊர் ஏதாவது இருக்கிறதா?

"சோக்கெகிராவ் இருக்கிறது, அமிகோ. நடந்துதான் போகணும்."

"எத்தனை மீட்டர்?"

"சுமார் 3,000. ஆனால் முதலில் அபுரீமாக் பள்ளத்தாக்கில் 1,400 மீட்டர் இறங்கணும்."

இறங்கணும் என்றதும் அவர் முகம் சுருங்கும்.

"அப்புறம் அந்தப் பக்கம் அதே 1,400 ஏறணும். திரும்பி வரும்போது மறுபடியும் இறங்கி, மறுபடியும் ஏறணும்."

மீட்டர்காரர் பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டு ஒரு பேனா கேட்பார். காகிதத் துண்டில் ஏற்றத்தை மட்டும் கூட்டுவார்.