‘அந்தக் காலத்துல...’ என்று ஆரம்பிப்பது எப்படி?

நாற்பத்தைந்தைத் தொட்ட அப்பாக்களுக்கான கையேடு இது. முப்பதுகளில் இருப்பவர்கள் படிக்க வேண்டாம். உங்களுக்கு இன்னும் போதிய அளவு முடி கொட்டவில்லை. அம்மாக்களுக்கும் தேவைப்படாது. சின்ன வயதில் அவர்கள் விளையாடிய நேரத்தைவிடத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்த நேரம் அதிகம். அதனாலோ என்னவோ, இந்த நோய் அவர்களை அவ்வளவாக அண்டுவதில்லை.

நோய் என்று சும்மா சொல்லவில்லை. 1688இல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாசல் நகரத்தில் ஊர் ஏக்கத்தைப் பற்றி ஆய்வேடே எழுதினார். ‘நாஸ்டால்ஜியா’ என்ற பெயர் அவர் வைத்ததுதான். வெளியூர் போன சுவிஸ்காரர்களுக்கு வருகிற வியாதி. ஊருக்குத் திருப்பி அனுப்பினால் தெளிந்துவிடும். நம் கேஸ் கொஞ்சம் முற்றியது. கோவில்பட்டிக்குத் தட்கலிலாவது டிக்கெட் கிடைக்கும். 1988க்குக் கிடைக்காது.

முதல் வேலை, சாட்சிகளை அப்புறப்படுத்துவது. குறிப்பாக உங்களைப் பெற்றவளை. நான் இதைச் செய்யாமல் மாட்டிக்கொண்டேன். பன்னிரண்டு வயது மகளை உட்காரவைத்து, “அந்தக் காலத்துல ஸ்கூலுக்கு மூணு கிலோமீட்டர் நடந்தே போவோம்” என்று தொடங்கினேன். அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஏலேய், யாருல நடந்தா? உங்கப்பா சைக்கிள் பார்ல துண்ட மடிச்சுப் போட்டு உக்கார வச்சில்லா கொண்டு விட்டாரு. அதுக்கும் பாதி வழியில குறுக்கு வலிக்குன்னு அழுவ.”

மகள் ஆச்சி பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அன்றைய வகுப்பு அத்தோடு முடிந்தது. ஆகவே அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுத் தொடங்கவும். பிரதோஷம் உத்தமம்.

அடுத்து, விலைவாசியைத் தொடாதீர்கள். “நாலணாவுக்குக் கை நிறைய கமர்கட்” என்று நீங்கள் கண்கலங்கும்போது, எதிரில் இருப்பவள் போனைத் தட்டி, “25 காசே 2011 ஜூன் 30ஓட செல்லாதாம்ப்பா” என்பாள். பென்சிலும் கேசட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வேண்டாம். அதெல்லாம் பாலபாடம்; நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள்.

தூர்தர்ஷன் பேசலாம், அளவோடு. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பாட்டு நிகழ்ச்சி தொடங்குகிற நேரத்தில் மொட்டை மாடியில் ஒருவன் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து ஒருவன் “வருது... வருது... போச்சு!” என்று கத்திய கதையைச் சொல்லலாம். 1987இல் ‘ராமாயண்’ வந்தபோது, இந்தியில் ஒரு சொல் புரியாமலே ஒரு தெருவே ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சீதைக்காக அழுததையும் சொல்லலாம். “பிடிக்காத பாட்டை ஸ்கிப் பண்ண முடியாதா?” என்று கேட்டால் கோபப்படாதீர்கள். பிடிக்காத பாட்டு என்று ஒன்று இருக்கலாம் என்பதே நமக்கு அப்போது தெரியாது.

காமிக்ஸில் ஜாக்கிரதை. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த ‘இரும்புக்கை மாயாவி’யை, நான் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து திருடிப் படித்தவன். அந்தப் பெருமையோடு மறுபதிப்பை மகளிடம் நீட்டினேன். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். நான்கு பக்கம் புரட்டிவிட்டு, “சட்டை எப்படிப்பா மறையும்?” என்றாள். முப்பத்தைந்து வருஷமாக எனக்குத் தோன்றாத கேள்வி. இரண்டு நாள் தூக்கம் கெட்டது.

பேச்சில் தோற்றவர்கள் செய்முறைக்கு வர வேண்டும். நுங்கு வண்டி எளிது. சித்திரை, வைகாசியில் சாலையோர நுங்குக்காரரிடம் போங்கள். அவர் காயைப் பிளந்து சுளையை எடுத்துக் கையில் கொடுப்பார். வேண்டாம். “தலையை மட்டும் சீவிக் கொடுங்க, கட்டைவிரலால நோண்டிக் குடிச்சுக்கிறோம்” என்று சொல்லவும். அவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். ஊர் எது என்று கேட்பார். காசில் ஐந்து ரூபாய் குறைக்கவும் கூடும். கண் மூன்றும் காலியான கோந்தை இரண்டு கிடைத்ததும் நடுவே ஒரு குச்சியைச் செருகினால் அச்சு. தள்ளுவதற்குக் கவட்டைக் கம்பு வேண்டும். சென்னை அடுக்ககத்தில் கவட்டைக்கு எங்கே போவது? நான் உடைந்த மாப் குச்சியின் நுனியைப் பிளந்து சமாளித்தேன். வண்டி ஓடியது. லிஃப்ட் வாசலிலிருந்து நாலாவது வீடு வரைக்கும் பிசுபிசுப்பாக ஒரு கோடு போட்டுக்கொண்டு ஓடியது. மறுநாள் காலையில் எறும்புகள் அதே வழியில் வந்தன. சங்கச் செயலாளரும் வந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இளமை பொங்குகிற வேகத்தில் பிள்ளையிடம், “உனக்கு என்னம்மா ஞாபகம் இருக்கு?” என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். “அந்தக் காலத்துல” என்றே ஆரம்பித்தாள்! அந்தக் காலம் என்பது 2020. ஊரடங்கு. அவளுக்கு ஏழு வயது. பால்கனியில் போர்வை கட்டிக் கூடாரம் போட்டதும், கேமராவை அணைத்துவிட்டு ஆன்லைன் வகுப்பில் தோசை தின்றதும், மத்தியானம் மூன்று மணிக்கு நான் அவளோடு கேரம் ஆடியதும். “அப்பல்லாம் நீ வீட்டிலயே இருப்பப்பா. செம ஜாலி” என்றாள். சம்பளத்தில் பாதி போய், மாடியில் நின்று ஆம்புலன்ஸ் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்த வருஷம் எனக்கு அது. இதற்குக் கையேட்டில் மாற்று மருந்து இல்லை. பேச்சை மாற்றிப் பம்பரத்தை எடுக்கவும்.

பம்பரத்துக்கு முன்பயிற்சி அவசியம். மரப் பம்பரமாக, இரும்பு ஆணி வைத்ததாக வாங்குங்கள். சாட்டையின் ஒரு நுனியில் முடிச்சுப் போட்டு, மறு நுனியை ஆணியில் பிடித்து, இடைவெளி விழாமல் மேல்நோக்கிச் சுற்றவும். முடிச்சு விரலிடுக்கில் இருக்க வேண்டும். வீசுகிற கை தரையை நெருங்கும் நேரம் பார்த்துச் சுண்டி இழுக்க வேண்டும். இதெல்லாம் மூளைக்கு நன்றாகத் தெரிகிறது, தோள்பட்டைக்குத்தான் மறந்துவிட்டது. ஆக்கர் வைத்து எதிரியின் பம்பரத்தையே பிளந்தவன் என்று மகளிடம் சொல்லியிருந்ததால், இரவு பத்து மணிக்குக் கார் நிறுத்தும் இடத்தில் ரகசியமாகப் பயிற்சி எடுத்தேன். முதல் வீச்சு யாருடைய ஸ்கூட்டர் மீதோ விழுந்தது. இரண்டாவது என் செருப்பின் மீது.

சத்தம் கேட்டுக் காவலாளி வந்தார். பீகார்க்காரர், இருபத்தைந்து வயது இருக்கலாம். கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு, “லட்டு!” என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. வீட்டில் இனிப்பு எதுவும் இல்லையே என்று நான் விழித்தேன். அவர் கை நீட்டினார். அவர் ஊரில் பம்பரத்துக்குத்தான் லட்டு என்று பெயராம். சாட்டையைச் சுற்றி வீசினார். ‘ஙொய்’ என்று நின்ற இடத்திலேயே நின்று சுற்றியது. குனிந்து, விரலிடுக்கில் ஏந்தி, உள்ளங்கைக்கு ஏற்றி, அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே என் கைக்கு மாற்றிவிட்டார். உள்ளங்கை குறுகுறுத்தது.

பதினொன்றரை வரை ஆடினோம். சுற்றுகிற பம்பரத்தைச் சாட்டையால் தூக்கிக் கையில் பிடிக்கிற ‘அபீட்’ எடுப்பதை அவருக்கு நான் வாயால் சொல்லிக்கொடுத்தேன். அவர் செய்து காட்டினார்.

மறுநாள் வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துத் தைலம் தேய்க்கவும். அலுவலகத்தில் கேட்டால் ஜிம்முக்குப் போவதாகச் சொல்லிவிடவும்.